கூட வராத வண்டி

பட்டினத்தார் சமாதியும் புல்லட் கம்பெனியும் ஒரே ஊரில் இருப்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு விஷயமே இல்லை. திருவொற்றியூரில் கடலோரமாகச் சமாதி. அதே ஊரில், ஆசைப்பட்டு வாங்கி ஆயுசுக்கும் கட்டி அழுகிற ஒரு வண்டியைச் செய்த தொழிற்சாலை. எதுவும் வேண்டாம் என்று போனவர் ஒரு பக்கம், வேண்டும் வேண்டும் என்று ஆளை அலைய வைக்கிற இரும்பு இன்னொரு பக்கம். காசிமேட்டில் லாஞ்சு எஞ்சின் வேலை பார்க்கிற நான் இரண்டு இடத்துக்கும் பழைய ஆள். சாயங்காலம் கோயிலிலோ சமாதியிலோ சொற்பொழிவு என்றால் போய் உட்கார்ந்துவிடுவேன். போவதும் வருவதும் 1974-இல் திருவொற்றியூரில் செய்த புல்லட் 350-இல்.

இது ஒரு விஷயம்தான் என்று எனக்கு உறைக்க வைத்தவர் மரப்படகு வேலை செய்யும் ஆசாரி. மீன்பிடித் தடைக்காலத்தில் லாஞ்செல்லாம் கரைக்கு வந்து நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குப் போகக் கூடாது. எங்களுக்கு அதுதான் சீசன். அவர் பலகை மாற்றிக்கொண்டிருக்க, நான் கீழே எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தேன். மத்தியானம் சோறு சாப்பிட்டுவிட்டு நிழலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: “இன்னாபா, கடைசில எதுவும் கூட வராதுன்னு பட்டினத்தார் சொன்னத நீதான் எனக்கே சொன்ன. சொல்லிட்டு வண்டியப் புள்ள மாதிரி தொடச்சினு நிக்கிற. ரெண்டுல எது நெசம்?”

“ரெண்டும்தாண்ணே” என்று சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் மழுப்பிவிட்டுப் போகிற கேள்வி இல்லை அது. ஒரு பொருளின் மேல் அன்பு வைப்பது பந்தம்தானா? விடுதலை என்றால் விட்டுவிடுவது மட்டும்தானா? பெரியவர்கள் இதைப் பொன், பெண், மண் என்று பேசிவிட்டுப் போனார்கள். நான் எனக்குத் தெரிந்த இரும்பை வைத்துப் பேசிப் பார்க்கிறேன்.

இந்த வண்டி இங்கே வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் போன சூட்டோடு அவனுடைய மோட்டார் தொழில் வடசென்னைக்கு வந்தது. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி இறக்கினார்கள். பிறகு லேலண்டுடன் கைகோத்து 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆனது. இன்றைக்கு எங்கள் துறைமுகத்து லாஞ்சுகளில் நான் பிரித்துப் பூட்டுகிற எஞ்சின்களில் லேலண்டுதான் அதிகம். அதே 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டும் நம்ம ஊர் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அடுத்த ஆண்டே திருவொற்றியூரில் புல்லட் வர ஆரம்பித்தது. ராணுவத்துக்கு எல்லையில் ரோந்து போக வண்டி வேண்டியிருந்தது. அதில் பிடித்த வேர். முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களும் இங்கேயே தயாராயின.

எம்.ஜி., ட்ரையம்ஃப், ஆஸ்டின் ஹீலி என்று இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய கூரையில்லாத கார்களைப் பற்றி இங்கிலாந்தில் உருகுவார்கள். மழை வந்தால் நனையும், எண்ணெய் ஒழுகும், பாதி வழியில் நிற்கும், ஆனாலும் விடமாட்டார்கள். அந்தக் கிறுக்கு எங்கள் பக்கம் இரண்டு சக்கரத்தில் வந்தது. இதுவும் நனையும், ஒழுகும், நிற்கும். காற்று முகத்தில் அடிக்கும். நாங்களும் விடவில்லை.

ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு வண்டி செய்வதே நின்றது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. பழைய அச்சு, பழைய வார்ப்பு, டேங்கின் மேல் கையாலேயே இழுக்கும் தங்கக் கோடு என்று அப்படியே போய்க்கொண்டிருந்தார்கள். 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். பெற்ற ஊரில் செத்த வண்டி வளர்ந்த ஊரில் பிழைத்து, பெற்ற ஊருக்கே விருந்தாளியாகப் போனது. இது யாருடைய வண்டி என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

என் வண்டியில் பிஸ்டன், வால்வு, செயின், ரிம், வயரிங் எல்லாம் மாற்றியாகிவிட்டது. அப்படியானால் இது அதே வண்டியா என்று கேட்பவர்கள் உண்டு. பழைய கேள்விதான். மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி தேரை வைத்து இதைத்தான் கேட்டார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை என்றால் தேர் எங்கே? ஆசாரியும் ஒவ்வொரு தடைக்காலத்திலும் பலகையை மாற்றிக்கொண்டே வருகிறார். படகின் பெயர் மாறுவதில்லை. இந்தக் கேள்வியில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆர்.டி.ஓ. ஆபீசில் சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துப் பார்த்து ஒரே நிமிஷத்தில் பதில் சொல்லிவிடுவார்கள். என்னைத் தொந்தரவு செய்கிற கேள்வி வேறு. வண்டி அதேதானா என்பது இல்லை. அது ‘என்னுடையது’ என்கிறேனே, அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்பது.

என்னுடையது என்கிற திமிர் இந்த வண்டியிடம் செல்லாது. ஸ்டார்ட் செய்வதைச் சொல்கிறேன். சாவியைத் திருப்பியதும் ஹெட்லைட்டுக்கு மேலே அம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெதுவாகக் காலால் அமுக்கிக்கொண்டே வர வேண்டும். பாயிண்ட் திறக்கிற இடத்தில் முள் நடுவுக்கு வந்து நிற்கும். அங்கே நிறுத்தி, இடது கையில் டிகம்ப்ரஸர் பிடியை இழுத்து, கிக்கரை ஒரு விரற்கடை மட்டும் தள்ளி, பிடியை விட வேண்டும். இப்போது பிஸ்டன் உச்சியைத் தாண்டியிருக்கும். இதற்குப் பிறகுதான் உதை. இந்த வரிசையை மதித்தவனுக்கு ஒரே உதையில் எழுந்துகொள்ளும். மதிக்காமல் வேகமாக உதைத்தவனின் கணுக்காலைத் திருப்பி அடிக்கும். அடி வாங்கி நொண்டியவர்கள் எங்கள் தெருவில் நிறைய. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு வண்டியில் பழகியவன் அவசரத்துக்குப் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பான். ஆகவே இந்த வண்டிக்குப் பணம் கொடுத்தவனெல்லாம் ஓட்டிவிட முடியாது. பணம் கொடுப்பது ஒரு நாள் வேலை. மற்றதைக் கற்றுக்கொள்ளத்தான் காலம் பிடிக்கும்.

டேப்பட் வைப்பதையும் சொல்ல வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, விடியற்காலையில் செய்கிற வேலை அது. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, வலது பக்கத்துச் சின்ன மூடியைக் கழற்றினால் இரண்டு தள்ளுகம்பிகள் தெரியும். நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, கம்பியை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. இந்த இடம் இவ்வளவு என்று சொல்ல அளவுகோல் இல்லை, விரலுக்குத்தான் தெரியும். இறுக்கிவிட்டால் வால்வு மூடாது, எரிந்து போகும். தளர்த்திவிட்டால் தட்டும். சரியாக அமைந்த காலையில் அந்த எஞ்சின் நிதானமாக, ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகக் கேட்கும்படி அடிக்கும். அந்தச் சத்தத்தோடு சூரிய நாராயணா தெரு வழியாகப் போனால், வலை பின்னிக்கொண்டிருக்கிற பெண்கள் தலை நிமிராமலே யார் வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் பெருமை இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பட்டினத்தார் சும்மா விடமாட்டார்.

காசிமேட்டில் பழைய வண்டி வைத்திருப்பது மற்ற ஊரில் வைத்திருப்பதைப் போன்றதில்லை. இங்கே காற்றே உப்பு. மீன் வண்டியில் இருந்து ஐஸ் தண்ணீர் ரோடெல்லாம் ஒழுகும், அதுவும் உப்பு. இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டால் ஸ்போக் முனையில் செம்பழுப்பு பூக்கும். மட்கார்டு உள்பக்கம் செதில் செதிலாக உதிரும். எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் போனால் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஒவ்வொரு பள்ளமும் ஒரு நட்டைத் தளர்த்தும். ராத்திரி நல்ல தண்ணீரில் கழுவி, பனியன் வேஸ்டால் துடைத்து, எண்ணெய் பூசி வைத்தாக வேண்டும். ஆசாரி பிள்ளை மாதிரி என்று சொன்னது இதைத்தான். உலகம் நிலையில்லாதது என்று புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்கிற அவசியம் எங்கள் ஊர்க்காரனுக்கு இல்லை. மட்கார்டைத் தட்டினால் தெரியும்.

இப்போது பட்டினத்தாரிடம் வருகிறேன். காவிரிப்பூம்பட்டினத்துப் பெரிய வணிகர். கடல் வாணிபத்துக்குப் போன வளர்ப்பு மகன் மருதவாணன் கொண்டுவந்து சேர்த்த பெட்டியில் காதறுந்த ஊசி ஒன்றும் ஓலை ஒன்றும் இருந்தன என்பது கதை. அந்த ஊசிகூடக் கடைசிப் பயணத்தில் கூட வராது என்று புரிந்ததும் அத்தனை சொத்தையும் விட்டுவிட்டுக் கோவணத்தோடு வெளியேறினார். கையில் இருந்த பேய்க்கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கே முக்தி என்று ஊர் ஊராகப் போனார். திருவொற்றியூர்க் கடற்கரையில் இனித்தது. அங்கேயே லிங்கமானார்.

அவருடைய சீடர் பத்திரகிரியார் அரசராக இருந்து துறவியானவர். இருவரும் திருவிடைமருதூரில் இருந்தார்கள், கீழை வாசலில் குரு, மேலை வாசலில் சீடர். சீடரிடம் ஒரு பிச்சை ஓடு இருந்தது. மீந்த சோற்றைத் தின்று ஒரு நாய் அவர் காலடியில் கிடந்தது. ஒரு நாள் பிச்சை கேட்டு வந்தவரிடம் பட்டினத்தார், என்னிடம் என்ன இருக்கிறது, மேலை வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போய்க் கேள் என்று சொல்லி அனுப்பினார். அரசையே விட்டவரை ஒரு ஓட்டுக்காகவும் நாய்க்காகவும் சம்சாரி என்றார். பத்திரகிரியார் ஓட்டைத் தூக்கி எறிந்தார். ஓடு நாயின் தலையில் பட்டு உடைந்தது. நாய் செத்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஓடு உடைந்த இடத்தில் குரலை உயர்த்துவார்கள். பந்தம் அறுந்தது என்பார்கள். எனக்கு மட்டும் அந்த நாய் மனசை விட்டுப் போகவில்லை. அது என்ன குற்றம் செய்தது? ஓட்டை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்து போயிருந்தாலும் துறவு துறவுதானே? கதையும் அத்தோடு முடியவில்லை. செத்த நாய் காசி அரசனுக்கு மகளாகப் பிறந்து, வளர்ந்து, பத்திரகிரியாரைத் தேடி வந்து நிற்கிறாள். இருவரும் சேர்ந்தே ஜோதியில் கலக்கிறார்கள். பெரியவர்கள் இதற்குச் சொல்கிற விளக்கம் வேறு. எனக்குப் புரிவது இது: விட்டெறிந்தால் எறிந்த பொருள் மறைந்துவிடுவதில்லை. அது யார் தலையிலாவது விழும். விழுந்தது திரும்பி வந்து வாசலில் நிற்கும். அதைக் கவனிக்காமல் மேலே போக வழியில்லை.

எல்லாவற்றையும் விட்ட பட்டினத்தாரும் ஒன்றை விடவில்லை. தாயாருக்கு நான் கொள்ளி வைப்பேன் என்று கொடுத்த வாக்கு. அந்த அம்மாள் இறந்தபோது தேடி வந்து, சுற்றத்தார் அடுக்கிய விறகை விலக்கி, பச்சை வாழைமட்டை அடுக்கித் தீ மூட்டினார் என்று சொல்வார்கள். சொத்தைத் துறந்தவர் வேலையைத் துறக்கவில்லை.

இதை யோசிக்கும்போதுதான் திருவொற்றியூரின் இன்னொரு ஆள் ஞாபகத்துக்கு வருகிறார். கலிய நாயனார். எண்ணெய் வணிகர், செக்குக்காரர். கோயிலில் இரவும் பகலும் விளக்கெரிப்பது தன் வேலை என்று எடுத்துக்கொண்டவர். பணம் தீர்ந்தது. மற்றவர்களிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கிடைத்த கூலியில் எரித்தார். அதுவும் போனது. செக்கில் கூலியாளாக நின்றார். அந்த வேலையும் கிடைக்காமல் போனது. வீட்டை விற்றார், சாமானை விற்றார். மனைவியையே விற்க முயன்றார், வாங்க ஆளில்லை. கடைசியில் எண்ணெய்க்குப் பதில் இரத்தம் என்று கழுத்தை அறுக்கப் போனபோது இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தார். மனைவியை விற்கப் போனதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. எந்த விளக்குக்கும் அது நியாயமில்லை. ஆனால் பிடிவாதத்தைப் பாருங்கள். ஒருவர் பொருளைத் தானாக விட்டார். இன்னொருவரை விட்டுப் பொருள் தானாகப் போனது. ஒருவர் தாய்க்குச் செய்ய வேண்டிய வேலையை விடவில்லை, இன்னொருவர் விளக்கு வேலையை விடவில்லை. ஒரே ஊர் இரண்டு பேரையும் கும்பிடுகிறது.

இதில் இருந்து நான் எடுத்துக்கொண்டது, பற்று ஒரே ஜாதி இல்லை என்பது. பொருளின் மேல் வைக்கிற பற்று வேறு, அந்தப் பொருள் நம்மிடம் கேட்கிற வேலையின் மேல் வைக்கிற பற்று வேறு. முதலாவது பூட்டி வைக்கச் சொல்லும். இரண்டாவது கையை அழுக்காக்கச் சொல்லும். பழைய வண்டி வைத்திருப்பவனிடம் இரண்டும் கலந்தே இருக்கும். எது எவ்வளவு என்று அவனுக்கே தெரியாது.

ஆசாரியிடம் இதைச் சொன்னேன். விடுவாரா? “நாயனார் வெளக்கு ஊருக்கே எரிஞ்சுது. உன் வண்டி யாருக்கு ஓடுது?” என்றார். நியாயமான அடி. கோயில் விளக்கு யார் வந்தாலும் வெளிச்சம் தரும். என் வண்டி என்னைத்தான் சுமக்கிறது. அதுவும் பெட்ரோலைக் குடித்து, புகையைக் கக்கி, நிற்கிற இடத்தில் எண்ணெய் சொட்டி. கீழே தகரத் தட்டு வைத்துத்தான் நிறுத்துகிறேன். எண்ணெய் சொட்டாத பழைய புல்லட் என்றால் உள்ளே எண்ணெயே இல்லை என்று எங்களுக்குள் கேலி உண்டு. இதைத் தொண்டு என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு எனக்கு முகத்தோல் தடிக்கவில்லை.

விளக்கு என்றதும் இன்னொரு கதை. எபிக்டெட்டஸ் என்று ரோமாபுரிக் காலத்து ஞானி, அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். வீட்டில் சாமிக்கு முன் வைத்திருந்த இரும்பு விளக்கைத் திருடன் கொண்டுபோய்விட்டான். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. மண் விளக்கு வாங்கிக்கொண்டால் போயிற்று என்றார். இருப்பதுதானே தொலையும்? அதோடு நின்றிருந்தால் நல்ல உபதேசம். ஆனால் அவர் செத்த பிறகு அந்த மண் விளக்கை ஒருவன் 3,000 டிராக்மா கொடுத்து வாங்கினான் என்று லூசியன் என்கிற எழுத்தாளர் கிண்டலாக எழுதி வைத்திருக்கிறார். ராத்திரி அதை ஏற்றி வைத்துப் படித்தால் ஞானம் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தானாம்!

அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தெருவுக்கே வந்திருக்கிறான். கார் கதவைத் திறந்து இறங்குவான், வண்டியைச் சுற்றி வருவான். ஒரிஜினல் டேங்கா, ஒரிஜினல் பெயிண்டா என்பான். ஓட்டிப் பார்க்க மாட்டான். கூடத்தில் நிறுத்தப் போகிறேன் என்பான். அவன் சொல்கிற விலையைக் கேட்டால் என் வீட்டுக்காரி என்னைப் பார்க்கிற பார்வை மாறும்.

அரசாங்கமும் அவனுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 2021-இல் மத்திய அரசு போட்ட விதிப்படி, முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டி, பெரிதாக மாற்றாமல் வைத்திருக்கும் வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்துகொள்ளலாம், தனி நம்பர் பிளேட்டோடு. ஆனால் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டும் வெளியே எடுக்கலாம். என் வண்டிக்கு அந்த வயது வந்துவிட்டது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. எஃப்.சி. காட்டி, பச்சை வரி கட்டி, சாதாரண வண்டியாகவே ஓட்டுகிறேன். கௌரவம் கொடுத்து உட்கார வைப்பதும் ஒரு வகைச் சாவுதான். லாஞ்சு எஞ்சினாகட்டும் புல்லட்டாகட்டும், ஓடாமல் நின்றால்தான் சீக்கிரம் கெடும். ஸீல் காயும், ரிங் பிடித்துக்கொள்ளும், டேங்குக்குள் துரு ஏறும்.

ஆக, பூட்டி வைப்பதும் தப்பு, விட்டெறிவதும் தப்பு என்றால் செய்ய வேண்டியது என்ன? இங்கேதான் பட்டினத்தார் சொன்னதை நான் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். எதுவும் கூட வராது என்றார். சரி. கூட வராதது எங்கே போகும்? எங்கேயும் போகாது, இங்கேயே இருக்கும். நாம் போன பிறகும் இருக்கும். அப்படியானால் எதை எடுத்துப் போகலாம் என்ற கேள்வி முடிந்த இடத்தில், எதை எந்த நிலைமையில் விட்டுப் போகிறோம் என்ற கேள்வி ஆரம்பிக்கிறது. துறவிக்கும் அது உண்டு, மெக்கானிக்குக்கும் உண்டு.

வடசென்னைக்காரனுக்கு இது தத்துவம் மட்டும் இல்லை. ஊரெல்லாம் வேண்டாம் என்று விட்டது எங்கள் பக்கம்தான் வந்து சேர்கிறது. குப்பை கொடுங்கையூருக்கு. அனல் மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்துக்கு. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதிக் கொட்டிய எண்ணெயைப் பக்கெட்டில் அள்ளினார்கள். அள்ளியவர்களில் எங்கள் பையன்கள் இருந்தார்கள். 2023 டிசம்பரில் புயல் மழை வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது வலையும் படகும் கறுத்தன. யாரோ கைகழுவிய பொருள் இன்னொருவன் தலையில் விழுவதைத் தினமும் பார்க்கிற ஊர் இது. அதனால்தான் என்னால் அந்த நாயை மறக்க முடியவில்லை. தூக்கி எறிகிறவன் தன்னைச் சுத்தமாகிவிட்டவன் என்று நினைத்துக்கொள்வது ரொம்பச் சுலபம்.

விடுவதில் ஒப்படைத்துவிடுவது என்று ஒரு வகை இருக்கிறது. என் வண்டிக்கு எனக்கு முன்னால் இருந்தவர் ராயபுரத்து ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் எஞ்சின் ஓட்டியவர். பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டார்கள். வண்டியை விற்றுவிட்டு மறுநாள் கிளம்பியிருக்கலாம். அவர் என்னை வரச்சொல்லி வரச்சொல்லி டேப்பட் வைக்கக் கற்றுக்கொடுத்தார். டீசல் எஞ்சினில் ஊறிய என் விரலை அடித்துத் திருத்தினார். “மேன், நீ இறுக்கறே, விடு, விடு” என்பார். கம்பி சரியாகச் சுற்றிய அன்றைக்குத்தான் ஆர்.சி. புத்தகத்தையும் இன்ச் ஸ்பேனர் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்தார். அந்தப் புத்தகத்தில் அவருக்கு முன்னால் ஒருவர் பெயர், பிறகு அவர் பெயர், பிறகு என் பெயர். எனக்குக் கீழே இடம் இருக்கிறது. அவர் வண்டியை விட்டுப் போனதைத் துறவு என்று எந்த மடத்திலும் சொல்லமாட்டார்கள். எனக்கு அதைவிட நல்ல துறவைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

நான் காவல்காரன்தான், சொந்தக்காரன் இல்லை என்று சொல்லிக்கொள்வதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. அடக்கமாகப் பேசிக்கொண்டே சாவியை யாருக்கும் கொடுக்காமல் இருக்கலாம். அதனால் சொல்வதை நம்ப வேண்டாம், கையைப் பார்க்க வேண்டும். இந்தத் தடைக்காலத்தில் என் அக்கா மகள் வந்து உட்கார்ந்திருக்கிறாள், பாலிடெக்னிக் படிக்கிறவள். “மாமா, இதையேன் அளவு போட்டு எழுதி வைக்கல?” என்று கேட்டுக்கொண்டே தள்ளுகம்பியைச் சுற்றுகிறாள். இறுக்கிவிடுகிறாள். தளர்த்தச் சொல்கிறேன். முள் நடுவுக்கு வரும்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். அவள் கிளட்சை வெடுக்கென்று விட்டபோது என் வயிற்றில் ஒன்று பிசைந்தது பாருங்கள், அதுதான் பட்டினத்தார் சொன்ன பற்று. அதை வைத்துக்கொண்டேதான் சாவியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிசைவது நின்ற பிறகு கொடுக்கலாம் என்று காத்திருந்தால் நடக்காது.

ஆசாரி கேட்ட இரண்டில் எது நிஜம் என்பதற்கு இப்போது மழுப்பாமல் சொல்வேன். கூட வராது என்பது நிஜம். கூட வராதது என்பதால்தான் துடைத்து வைக்க வேண்டும், கற்றுக்கொடுக்க வேண்டும், எண்ணெய் மண்ணில் ஒழுகாமல் தட்டு வைக்க வேண்டும். கூட வரும் பொருளென்றால் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அது என் பாடு. வராத பொருள் இன்னொருவர் பாடு. அவருக்கு முதல் உதையில் ஸ்டார்ட் ஆகிற வண்டியைக் கொடுக்கிறேனா, துருப்பிடித்த இரும்பைக் கொடுக்கிறேனா என்பதை மட்டும்தான் என்னால் தீர்மானிக்க முடியும்.